கன்வேயர் பெல்ட்: மாவு மில்லில் பிறந்து சுரங்கத்தில் வளர்ந்த கதை

கன்வேயர் பெல்ட்டைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் பலரும் ஹென்றி ஃபோர்டு பெயரைத்தான் சொல்வார்கள். 1913, ஹைலண்ட் பார்க் தொழிற்சாலை, வரிசையாக நகரும் கார்கள், இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யும் ஆட்கள் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கார்களை முதலில் நகர்த்தியது ஒரு நீளமான கயிறும் அதைச் சுற்றி இழுக்கும் ஒரு விஞ்சும்தான். சில மாதங்கள் கழித்துச் சங்கிலி வந்தது. நாம் இன்று விமான நிலையத்திலும் சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரிலும் பார்க்கிற பட்டையான பெல்ட்டுக்குத் தனி வரலாறு உண்டு. அது ஃபோர்டுக்கு நூற்றிருபது வருடங்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதை வளர்த்தவர்கள் மாவு அரைத்தவர்களும் சுரங்கம் வெட்டியவர்களும்.

முதலில் பெல்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். இது புரிந்தால் வரலாற்றில் பாதி தானாகப் புரியும்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய உருளை. இதைப் புல்லி என்பார்கள். இரண்டையும் சுற்றி, முனைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட ஒரு முடிவில்லாத பட்டை. ஒரு புல்லியை மோட்டார் சுற்றும். இன்னொன்று பெல்ட்டோடு சேர்ந்து தானே சுற்றும். நடுவில் பெல்ட் தொய்ந்து தரையில் இழுபடாமல் இருக்க, ஒரு மீட்டருக்கோ ஒன்றரை மீட்டருக்கோ ஒன்றாகச் சின்ன ரோலர்கள். சுமை ஏற்றிய மேல் பக்கம் போகும், வெறும் கீழ் பக்கம் திரும்பி வரும். அவ்வளவுதான்.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மோட்டார் புல்லியைச் சுற்றுகிறது, சரி; புல்லி பெல்ட்டை எப்படி இழுக்கிறது? சைக்கிள் செயினுக்கு இருப்பதுபோல் பல் எதுவும் இல்லை. உராய்வு ஒன்றுதான் பிடிமானம். பெல்ட் எவ்வளவு தூரம் புல்லியைச் சுற்றி அணைத்திருக்கிறதோ, அந்த அளவுக்குப் பிடி கூடும். ரப்பர் உறை போட்ட புல்லியை பெல்ட் அரைவட்டம் அணைத்திருந்தால், தளர்ந்த பக்கம் 1 டன் இழுவிசை இருக்கும்போது சுமைப் பக்கத்தில் ஏறக்குறைய 3 டன் வரை இழுக்கலாம். அதற்கு மேல் போனால் புல்லி மட்டும் சுற்றும், பெல்ட் வழுக்கும். பக்கத்தில் ஒரு சின்ன உருளையை வைத்து அணைப்பை 180 டிகிரியிலிருந்து 210 டிகிரியாகக் கூட்டினாலே அந்த 3 டன் மூன்றரைக்கு மேல் போய்விடும். தளர்ந்த பக்கத்தில் இழுவிசை அறவே இல்லை என்றால் பிடியும் இல்லை. அதனால்தான் பெரிய கன்வேயர்களில் பெல்ட்டின் ஒரு வளைவில் கனமான எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். பெல்ட் நாளாக ஆக நீண்டாலும் எடை கீழே இறங்கி அதே இறுக்கத்தைக் காப்பாற்றும்.

பெல்ட் நேராக ஓடுவது இன்னொரு வேடிக்கை. பக்கவாட்டில் நழுவாமல் இருக்கப் புல்லியின் இரண்டு ஓரத்திலும் வரம்பு கட்டுவார்கள் என்றுதான் முதலில் பார்ப்பவருக்குத் தோன்றும். பல புல்லிகளில் செய்வது நேர் எதிர்: நடுப்பகுதியைச் சற்றே பருமனாக வைப்பார்கள். பெல்ட் மேட்டிலிருந்து சரிந்து விழாதா என்றால் விழாது. ஓடுகிற பெல்ட் விட்டம் கூடிய பக்கம் நோக்கியே ஏறும், நடுவுக்கு வந்து நிற்கும். ரோலர்களுக்கும் ஒரு விதி உண்டு. ரோலர் கொஞ்சம் கோணலாக இருந்தால், அதன் எந்த முனையை பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கமாகவே பெல்ட் ஒதுங்கும். கன்வேயர் பராமரிப்பில் வேலை செய்கிறவர்கள் ரோலர் தாங்கியை இம்மி அளவு முன்னே பின்னே தட்டிப் பெல்ட்டை நேராக்குவது இந்த விதியை வைத்துத்தான்.

இனி வரலாறு.

ஆலிவர் எவன்ஸ் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக்காரர், 1755-இல் பிறந்தவர். 1780-களில் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு மாவு மில் நடத்தினார். அந்தக் கால மில்லில் கோதுமை மூட்டையை மாடிக்குச் சுமப்பது, அரைத்த மாவை அள்ளி மறுபடி மேலே ஏற்றுவது, உலர்த்தப் பரப்புவது எல்லாமே ஆள் வேலை. மாவில் காலடி மண்ணும் சேரும். எவன்ஸ் தண்ணீர்ச் சக்கரத்தின் விசையையே எடுத்து இந்த வேலைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு மாற்றினார். வாளிகள் கட்டிய பட்டை ஒன்று தானியத்தை மேலே தூக்கியது, திருகு ஒன்று படுக்கைவாட்டில் தள்ளியது. இவற்றோடு இரண்டு புல்லிகளுக்கு இடையே மெல்லிய தோல் அல்லது கேன்வாஸ் பட்டை ஒன்றும் இருந்தது. சற்றே சரிவாக வைக்கப்பட்ட அந்தப் பட்டையில் விழும் மாவின் எடையே அதை ஓட்டும். இன்றைய கன்வேயர் பெல்ட்டின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

1790 டிசம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்க அரசு வழங்கிய மூன்றாவது காப்புரிமை அது. மறு வருடமே ஜார்ஜ் வாஷிங்டன் மவுண்ட் வெர்னனில் இருந்த தன் மில்லில் எவன்ஸின் முறையைப் பொருத்தினார். நாட்டின் ஜனாதிபதியே வாடிக்கையாளர் என்றாலும் எவன்ஸுக்கு அக்கம்பக்கத்து மில் முதலாளிகளை நம்பவைப்பது சுலபமாக இருக்கவில்லை.

அடுத்த நூறு வருடம் பெல்ட் பெரிதாக வளரவில்லை. காரணம் எளிது. தோலும் துணியும் மாவையும் தானியத்தையும் தாங்கும், கல்லைத் தாங்காது. தானியக் கிடங்கு, துறைமுகம், மரஅறுவை மில் என்று மென்மையான சரக்கு இருக்கும் இடங்களோடு பெல்ட் நின்றுவிட்டது. இந்த இடைவெளியில்தான் பெல்ட்டின் தலையெழுத்தை மாற்றப்போகும் பொருள் தயாரானது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதியாகிறது என்று கண்டார். இதைத்தான் வல்கனைஸ் செய்வது என்கிறோம். பெல்ட்டின் இரு முனைகளை இன்றும் ஒட்டுவது இதே வேதியியலால்தான். முனைகளைப் படிப்படியாகச் சீவி, இடையில் இன்னும் வேகவைக்காத ரப்பர் வைத்து, சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தி வேக வைப்பார்கள். ஒட்டு சரியாக வெந்திருந்தால் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. சரியாக வேகவில்லை என்றால் ஓட்டத்தில் அங்கேதான் பிரியும்.

1891 வாக்கில் தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் நியூஜெர்சியில் எடிசன் நடத்திவந்த இரும்புத் தாது ஆலைக்குப் போனார். ஆம், மின்விளக்கு எடிசன்தான். மட்டமான தாதுப் பாறையைப் பொடித்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கும் திட்டம் ஒன்றில் அவர் பெரும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஓடிய கேன்வாஸ் பெல்ட்டுகளைக் கூர்மையான தாது சீக்கிரமே தின்று தீர்த்தது. மேலே இருந்த மெல்லிய ரப்பர் பூச்சு அரிப்பைத் துணியைவிட நன்றாகத் தாங்குவதை ராபின்ஸ் கவனித்தார். அதிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட யோசனை இது: பெல்ட்டில் துணியின் வேலை இழுவிசையைத் தாங்குவது, ரப்பரின் வேலை அடியைத் தாங்குவது. அப்படியானால் சரக்கு விழும் பக்கத்தில் ரப்பரைத் தடிமனாகப் போடு. இன்றைக்கு விற்கும் பெல்ட்டும் இதே அமைப்புதான். உள்ளே பலம் தரும் துணி அல்லது கம்பி, மேலே தடித்த உறை, கீழே மெல்லிய உறை.

ராபின்ஸ் ரோலரையும் மாற்றினார். ஒரே நீள ரோலருக்குப் பதில் மூன்று குட்டி ரோலர்கள். நடுவில் உள்ளது படுக்கையாகவும் பக்கத்து இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். பெல்ட் அதன்மேல் குவிந்த உள்ளங்கை போல ஆகிவிடும். தட்டையான பெல்ட்டிலிருந்து ஓரமாக வழியும் சரக்கு இப்போது நடுவில் தங்கும், அதே அகலத்தில் இன்னும் நிறைய ஏற்றலாம். 1896-இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய கன்வேயர் முதல் பரிசு வாங்கியது. எடிசனின் தாது ஆலை ஏறத்தாழ அதே நேரத்தில் மூடப்பட்டது. மினசோட்டாவில் வளமான தாது மலிவாகக் கிடைத்ததால் பாறையை அரைத்து இரும்பெடுப்பது கட்டுப்படியாகவில்லை. பெல்ட் மட்டும் பிழைத்துக்கொண்டது.

கல்லைத் தாங்கும் பெல்ட் வந்ததும் அது சுரங்கத்துக்குள் இறங்கியது. அயர்லாந்தில் பிறந்த சுரங்கப் பொறியாளர் ரிச்சர்ட் சட்கிளிஃப், 1905-இல் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்துக்கென்றே ஒரு பெல்ட் கன்வேயரை உருவாக்கினார். 1924 வாக்கில் பென்சில்வேனியாவில் ஃபிரிக் நிறுவனம் நிலத்துக்கடியில் 7 கிலோமீட்டருக்கு மேல் பெல்ட் ஓட்டி நிலக்கரியை ஆற்றங்கரைப் படகுத்துறைக்கே கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா அணை கட்டும்போது, 1940-இல் ரெட்டிங் ஊரிலிருந்து அணைவரை 9.6 மைல், அதாவது 15 கிலோமீட்டருக்கு மேல், ஜல்லியும் மணலும் பெல்ட்டில் போயின. அந்தத் தூரத்தை 26 துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். நீளம் கூடக் கூட இழுவிசையும் கூடுகிறது, பருத்தித் துணி அதற்கு மேல் தாங்காது. பிற்பாடு துணிக்குப் பதில் எஃகுக் கம்பி வடங்களை ரப்பருக்குள் பதித்த பிறகுதான் ஒரே துண்டில் பல கிலோமீட்டர் போக முடிந்தது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிரெஸ்வெல் சுரங்கத்தில், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாறும் இடத்தில் கிழிந்த பெல்ட் சிக்கிக்கொண்டது. ஓட்டம் நிற்கவில்லை, உரசி உரசிச் சூடேறித் தீப்பிடித்தது. ரப்பர் எரிந்த புகை காற்றோட்டத்தோடு சுரங்கமெங்கும் பரவி 80 பேர் இறந்தார்கள். இதன் பிறகுதான் பிரிட்டிஷ் சுரங்கங்கள் எளிதில் தீப்பற்றாத பிவிசி பெல்ட்டுக்கு மாறின. கெட்டியாக நெய்த துணியில் பிவிசியை ஊறவைத்துச் செய்யும் இந்த வகை பெல்ட்டை மதுரைப் பக்கம் ஃபென்னர் ஆலையிலும் தயாரிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கன்வேயர் பெல்ட்டின் முழு ஆற்றலையும் பார்க்க வேண்டும் என்றால் நெய்வேலிதான். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்தது. நெய்வேலியில் தோண்டுவதில் பெரும்பகுதி நிலக்கரியே இல்லை, மண். நிலக்கரிப் படலத்துக்கு மேலே பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மண்ணும் கடினமான மணற்கல்லும் கிடக்கின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்கப் பல கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். இதை லாரியில் அள்ளினால் டீசலுக்கே கட்டாது. அதனால் ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் பழகிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையில் ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய தோண்டும் இயந்திரம் நிற்காமல் மண்ணைச் சுரண்டும். அது நேராகப் பெல்ட்டில் விழும். மறுமுனையில் இன்னொரு இயந்திரம் அதே மண்ணை, ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடித்த குழியில் கொட்டிக்கொண்டே வரும். நிலக்கரி வேறு பெல்ட்டில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகும். நடுவில் லாரிக்கு வேலை இல்லை.

அங்குள்ள பெரிய பெல்ட்டுகள் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். தோண்டும் முகம் முன்னேற முன்னேற பெல்ட்டும் கூடவே நகர வேண்டுமே? அதற்காக ரோலர் சட்டங்களை எஃகுக் கட்டைகளின் மேல் வைத்து, ஓரத்தில் தண்டவாளம் போலக் கோத்திருப்பார்கள். புல்டோசர் அந்தத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து, நெடுக ஓடியபடியே முழு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுத்து வைக்கும். கன்வேயர் என்றால் ஓரிடத்தில் நட்டுவைத்த சாதனம் என்ற எண்ணம் இதைப் பார்த்தால் போய்விடும்.

மழைக்காலம் வந்தால் இத்தகைய சுரங்கங்களில் தலைவலி வேறு மாதிரி. ஈரக் களிமண் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, விழ வேண்டிய இடத்தில் விழாமல், திரும்பி வரும் கீழ்ப்பக்கத்தில் உதிரும். புல்லியில் அப்பி ஒரு பக்கம் பருமனாகும். முன்னே சொன்ன விதிதான்: விட்டம் கூடிய பக்கம் பெல்ட் ஏறும். நடுவில் நிறுத்திவைக்க உதவிய அதே குணம் இப்போது பெல்ட்டைக் கோணலாக இழுத்து ஓரத்தைக் கிழிக்கும். சரக்கு கொட்டும் முனையில் பெல்ட்டை வழித்துவிடும் தகடு வைப்பது இதற்காகத்தான். பார்க்க அற்பமான பாகம், ஆனால் அது தேய்ந்தால் மொத்த வரிசைக்கும் கேடு.

நீளத்தில் சாதனை என்றால் மேற்கு சஹாராவில், பூ க்ரா பாஸ்பேட் சுரங்கத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை ஓடும் 98 கிலோமீட்டர் கன்வேயர். 1972-இல் ஸ்பெயின் ஆட்சியில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் கட்டியது. பல துண்டுகள் தொடுத்தது. காற்றில் சிதறிய வெள்ளைத் தூள் பாலைவனத்தில் கோடாகப் படிந்து செயற்கைக்கோள் படத்திலும் தெரிகிறது. எனக்கு அதைவிடச் சுவாரசியமானது மேகாலயாவின் மலையடியிலிருந்து வங்கதேசத்தின் சாதக் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுபோகும் 17 கிலோமீட்டர் பெல்ட். சுமார் 7 கிலோமீட்டர் இந்தியாவில், 10 கிலோமீட்டர் வங்கதேசத்தில். கல்லுக்கு இன்னொரு வழி இல்லாததால், 2010-இல் நம் உச்ச நீதிமன்றம் குவாரிக்குத் தடை விதித்ததும் எல்லைக்கு அந்தப்பக்கம் ஆலை தவித்துப்போனது. 2011-இல் அனுமதி கிடைக்கும்வரை இந்த நிலைதான். லாரி என்றால் வேறு ஊரிலிருந்து ஏற்றி வரலாம். பெல்ட் இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று கட்டிப்போட்டுவிடுகிறது.

இப்போது ஃபோர்டுக்கு வரலாம். இதுவரை பார்த்தது சரக்கைச் சுமக்கும் கன்வேயர். ஃபோர்டு செய்தது வேறு: அவருடைய வரிசை காரோடு சேர்த்து வேலையின் வேகத்தையும் தீர்மானித்தது. சிகாகோ இறைச்சிக்கூடங்களில் விலங்குகளின் உடல் தலைக்குமேல் தொங்கியபடி நகர, ஒவ்வொருவரும் ஒரே ஒரு வெட்டு மட்டும் வெட்டுவதைப் பார்த்த அவருடைய ஆட்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். பிரிப்பதற்குப் பதில் கோர்ப்பது. 1913 ஏப்ரலில் இன்ஜினுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவில் தொடங்கினார்கள். ஒருவரே முழுதாகச் செய்தால் ஒன்றுக்கு 20 நிமிடம். வேலையை 29 பேருக்குப் பங்கிட்டதும் 13 நிமிடம் 10 வினாடி. மேடையைச் சில அங்குலம் உயர்த்தி, சங்கிலியால் நகர்த்தி, கடைசியில் 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழு அடிச்சட்டத்தையும் கோர்ப்பது 12 மணி 28 நிமிடத்திலிருந்து 1914-இல் 93 நிமிடமாகக் குறைந்தது.

குனிந்து எடுப்பது, நடந்து போவது எல்லாம் போயிற்று. கூடவே மூச்சு வாங்கும் நேரமும் போயிற்று. 1913-இல் ஆட்கள் வேலையை விட்டு ஓடிய வேகம் 370 சதவீதம். அதாவது ஒரு இடத்துக்கு வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி, 8 மணி நேர வேலை என்று ஃபோர்டு அறிவித்ததை அவருடைய தாராள மனசாகச் சொல்வது வழக்கம். இந்த 370 சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு விதமாகத் தெரியும்.

இந்த இரண்டு கிளைகளும் பின்னாளில் கலந்துவிட்டன. பிஸ்கட், மருந்து, பாட்டில், பார்சல் என்று எல்லா ஆலையிலும் கிடங்கிலும் பெல்ட் சரக்கையும் சுமக்கிறது, வேகத்தையும் சொல்கிறது. 1958-இல் ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி என்ற உணவகக்காரர், பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்துவிட்டுச் சுஷித் தட்டுகளை கன்வேயரில் சுற்றவிட்டார். அங்கே மட்டும் வேகம் சாப்பிடுகிறவருக்கு ஏற்றபடி, வினாடிக்கு 8 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் தட்டை எடுக்கப் பதற்றமாகிவிடும், குறைந்தால் பொறுமை போய்விடும்.

வரிசையை யார் நிறுத்தலாம் என்ற கேள்விதான் பிறகு பெரிதாயிற்று. சுரங்கக் கன்வேயர்களின் ஓரத்தில் நெடுக ஒரு கயிறு ஓடும். யாராவது மாட்டிக்கொண்டால் எந்த இடத்திலிருந்தும் இழுத்து மோட்டாரை நிறுத்தலாம். அது உயிர்ப் பாதுகாப்புக்கு. டொயோட்டா கார் ஆலைகளில் இதே போன்ற கயிற்றைத் தொழிலாளியின் தலைக்குமேல் கட்டினார்கள். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் சாதாரணத் தொழிலாளியே இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார்; வண்டி அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியவில்லை என்றால் வரிசை நிற்கும். பழுதோடு கார் வெளியே போய்ப் பிறகு பிரித்துச் சரிபார்ப்பதைவிட, இரண்டு நிமிடம் நிறுத்துவது மலிவு என்பது அவர்கள் கணக்கு. 2014 வாக்கில் டொயோட்டா அந்தக் கயிறுகளைக் கழற்றிவிட்டு இடுப்பு உயரத்தில் பட்டன்களை வைக்கத் தொடங்கியது. நிறுத்தும் உரிமை அப்படியே இருக்கிறது.